‘குளிச்சாச்சு’ என்று ஒரு பதில்

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், பயத்திலிருந்து யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு பயந்தேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் உட்கார்ந்து சும்மாவே பயப்படுகிறேன். பேரப்பிள்ளை இருமினால் பயம், பக்கத்து வீட்டில் ஆட்டோ வந்து நின்றால் பயம். போனில் யாராவது “பயப்படாதீங்க சிஸ்டர்” என்று ஆரம்பித்தால் உட்கார நாற்காலி தேடுவேன்.

சென்ற மாதம் சுகன்யா அப்படித்தான் ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் என் வார்டில் ஜூனியராக இருந்தவள். இப்போது ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில், பெண்கள் விடுதிக்கு நர்ஸ். விடுதிக் குப்பைத் தொட்டியில் டாம்பான் உறைகளைப் பார்த்திருக்கிறாள். விலக்கு நாட்களில் உள்ளே வைத்துக்கொள்கிற, விரல் நீளப் பஞ்சுச் சுருள் அது, இழுத்து எடுக்க நுனியில் ஒரு நூல் இருக்கும். பெண்கள் போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறார்கள்.

அதனால் என்ன, வைத்துக்கொள்ளட்டுமே என்றேன். நான் ஒன்றும் அந்தக் காலத்து ஆள் இல்லை. சுகன்யா சொன்னது வேறு. உறைகள் மிகப் பெரிய அளவுக்கு உரியவை, அதிகமாக உறிஞ்சும் ரகம். அதோடு, உறைகள் நாளுக்கு ஒன்று, இரண்டுதான் கிடக்கின்றன. அப்படியென்றால் யாரோ ஒருத்தி ஷிப்டு முழுக்க ஒன்றையே வைத்திருக்கிறாள், அதோடு தூங்கியும் விடுகிறாள். அறை அறையாகப் போய்க் கேட்டிருக்கிறாள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

“யாருன்னு தெரியல சிஸ்டர். நீங்க ஒரு தடவ வந்து பேசுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உடனே சோழபுரத்துக்குப் போன் போட்டேன். அங்கே பேச்சியம்மாள் இருக்கிறார். என் வயதுதான். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி வீடு, இரண்டு மாடு. இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் எங்கே போனாலும் அவரும் கூட வருவார். அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, நர்ஸும் இல்லை, சங்கம் எதிலும் இல்லை. ஏன் வருகிறார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

“மதினி, ஞாயித்துக்கிழமை மில்லுக்குப் போகணும்” என்றேன்.

“வாரேன்” என்று வைத்துவிட்டார். அவர் போனில் அதற்கு மேல் பேசியதில்லை.

நான் படித்தது மதுரையில். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சோறு சரியில்லை, படுக்கை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் விரிக்கக் கற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்த் தூங்கினேன். டாம்பானை நெடுநேரம் எடுக்காமல் விட்டால் வருகிற ‘டாக்ஸிக் ஷாக்’ என்பது எங்கள் புத்தகத்தில் ஒரு பத்தி. வெள்ளைக்காரப் பெண்களுக்கு வருகிற வியாதி என்று புரட்டிவிட்டுப் போனோம், பரீட்சையிலும் கேட்கவில்லை. நம் ஊரில் யார் உள்ளே வைக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவேன். அங்கே கடைசிப் பல வருஷங்கள் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வசந்தா, பிரசவ டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சத்தம் போட்டுத் திட்டமாட்டார், அதனாலேயே அதிகம் பயந்தோம். நாம் சுற்றி வளைத்து ஏதாவது சொன்னால், “சிஸ்டர், நான் கேட்டதுக்கு மட்டும் பதில்” என்பார். அவ்வளவுதான், அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆனால் நோயாளியிடம் அவர் வேறு ஆள். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவசரம் என்று நோயாளி நினைக்கக் கூடாதாம். கட்டில் பக்கத்தில் ஏறுவதற்கு வைத்திருக்கும் படி ஸ்டூலில் உட்கார்வார். அப்போது படுத்திருப்பவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் உயரம் சரியாக இருக்கும். கூட வந்தவர்களை ஒருநாளும் வெளியே போங்கள் என்று சொன்னதில்லை. “ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்பார். எங்கள் கேண்டீன்காரர் அவரால்தான் மாடி கட்டினார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ராஜபாளையத்தைச் சுற்றிப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் எத்தனை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணியை இங்கே பெண்கள்தான் வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடுகிறார்கள். கழிவுத் துணி வீட்டுக்கும் வரும். குழந்தைக்கு மூக்குத் துடைக்க, பால் வடிகட்ட, விலக்கு நாளில் மடித்து வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆஸ்பத்திரித் துணியாயிற்றே, அதைவிடச் சுத்தமானது எது என்று நினைப்பார்கள். அப்படி நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதை உள்ளே வைக்கலாம் என்று ஒருத்தி நினைத்தபோதுதான் வினை வந்தது.

அவள் பெயர் முத்துமாரி. பேச்சியம்மாளின் மருமகள், பேண்டேஜ் தறிக்கூடத்தில் துணி சுருட்டுகிறவள்.

டெங்கு பரவிக்கொண்டிருந்த ஐப்பசி மாதம். வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் கட்டில் போட்டிருந்தோம். காய்ச்சல் என்று யார் வந்தாலும் டெங்குதான், அன்றைக்கு அப்படித்தான் நினைக்க முடியும். காலையில் ஒரு வேன் வந்து நின்றது. நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண். காய்ச்சல் கொதிக்கிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் சிவந்து, முகம் கழுத்து மார்பு எல்லாம் செக்கச் செவேல் என்று இருந்தது.

பேச்சியம்மாள் கூடவே வந்து எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். மகன் ராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்திருந்தான். லீவு முடிவதற்குள் கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள், அங்கேயே தங்கினார்கள். மகன் அங்கிருந்தே ரயிலுக்குப் போய்விட்டான். அவன் போனதும் இவள் படுத்துவிட்டாள். சிவப்பு எதனால் என்றதற்கு, வெயிலிலும் அடுப்பிலும் நின்றது என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

விலக்கு நாளா என்று நான் முத்துமாரியைப் பார்த்துக் கேட்டேன்.

“அதெல்லாம் குளிச்சாச்சு” என்றார் பேச்சியம்மாள்.

முத்துமாரியும் கண்ணை மூடிக்கொண்டு, “குளிச்சாச்சு” என்றாள்.

காய்ச்சல் டாக்டர் வந்து பார்த்தார். ரத்தத்துக்கு எழுதினார், இரண்டு கையிலும் ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னார். அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டில் பாட்டிலாக இறங்கியும் பிரஷர் ஏறவில்லை. நான் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கீழே. உதடு வெளுத்துக்கொண்டு வருகிறது, உடம்பு மட்டும் சிவப்பாகவே இருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பில் இருந்தது எனக்குச் சரியாகவே படவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. வயிற்றுப்போக்கு நிற்காத பெண், எழுந்தால் தலை சுற்றி விழுகிறாள். ஆனால் பெட்பேன் வைக்க நான் போனால் முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கே போவேன் என்கிறாள். வெட்கப்படுகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உயிர் போகிற நேரத்தில் வெட்கம் தானாக விலகிவிடும். இவளுக்கு இருந்தது வெட்கம் இல்லை, பயம்.

டாக்டர் வசந்தா ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு வராந்தா வழியாக வந்தார். நான் ஓடிப்போய், பிரஷரையும் சிவப்பையும் சொன்னேன், அந்த முழங்காலையும் சொன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் என்று சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

“விலக்கா?” என்றார்.

“குளிச்சாச்சாம் டாக்டர்.”

அவர் நின்றுவிட்டார். “நான் குளிச்சாச்சான்னா கேட்டேன்?” என்றார்.

அவரும் இந்தப் பக்கத்துச் சம்சாரி வீட்டில் பிறந்தவர்தான். அந்த வீடுகளில் மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தூரம் முடிந்தது. பெண்ணின் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. சிலருக்கு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் ஓடும். ஆனால் குளித்தாயிற்று என்று வீடு ஏற்றுக்கொண்ட பிறகு, இன்னும் நிற்கவில்லை என்று யாரிடம் சொல்வது? அதுவும் குலசாமிக்குப் பொங்கல் குறித்தாயிற்று, புருஷனுக்கு லீவு முடிகிறது, வேன் வந்து வாசலில் நிற்கிறது.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தோம். பேச்சியம்மாளிடம் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். நான் டீ குடிக்கிறதில்லை என்றார் பேச்சியம்மாள். காபி குடிங்க என்றார் டாக்டர். அதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டு, திரைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நின்றார். திரைக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. மிஞ்சி போட்ட, வெடித்த, சம்சாரிக் கால்கள்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, காதோடு காதாக, குளித்தது இருக்கட்டும், நின்றுவிட்டதா என்று கேட்டார். முத்துமாரி அந்தக் கால்களைப் பார்த்தாள். “குளிச்சாச்சு” என்றாள். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். பிரஷர் பட்டை என் கையில் இருக்கிறது, சுற்றிப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கால்களைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். அவளுடைய கையை எடுத்து, தன் ஆள்காட்டி விரலை அதற்குள் வைத்தார்.

“நீ வாயத் திறக்க வேண்டாம் தாயி. உள்ள எதும் வச்சிருந்தா, எம் விரல ஒரு அமுக்கு அமுக்கு.”

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு முழு நாள். பிறகு அந்த விரல்கள் மடங்கின. பலமில்லாத பெண், இருந்த பலத்தையெல்லாம் அதில் காட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

எடுத்தது ஒரு பேண்டேஜ் சுருள். தறிக்கூடத்தில் அவள் கை எப்படிச் சுற்றுமோ அப்படியே, ஓரம் பிசகாமல் ஒழுங்காகச் சுற்றியிருந்தாள். வாடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கோயிலுக்குக் கிளம்பும் முன் வைத்தது, அடிவாரத்தில் மாற்ற இடமில்லை. பிறகு எடுக்கப் பார்த்திருக்கிறாள், பிடித்து இழுக்க நூல் இல்லை, எட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

கிருமி அந்தத் துணியில் இருந்து வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சிலர் உடம்பில் சாதுவாக இருக்கிற கிருமிதான் அது. ரத்தம் ஊறிய எதையாவது அடைத்து நெடுநேரம் வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அது கக்குகிற விஷம் ரத்தத்தில் ஏறி, பிரஷரைக் கீழே தள்ளி, சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோகும். டாக்டர் இரண்டு வகை ஆண்டிபயாடிக் ஏற்றச் சொல்லிவிட்டு, மதுரைக்குப் போன் போட்டார்.

நான் அந்தச் சுருள் இருந்த தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பேச்சியம்மாள் வழியை மறித்து, துணியை விலக்கிப் பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“அப்படின்னா பொங்கல் வச்சப்ப...” என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று நான் பயந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேச்சியம்மாள் முடிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை முடிக்கவில்லை, நானும் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். மதுரை வரை பிரஷரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதன் பிறகு வந்த நாட்களில் போன் எப்போது அடித்தாலும், போய்விட்டாள் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுப்பேன். ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

பிழைத்துவிட்டாள். எங்களிடம் திரும்பிக் காட்ட வந்தபோது உள்ளங்கையிலும் விரல்களிலும் தோல் உரிந்துகொண்டிருந்தது, இந்த வியாதி போகும்போது அப்படிச் செய்துவிட்டுத்தான் போகும். புதுத்தோல் மெல்லிசாக இருந்ததால் எதையும் பிடிக்க முடியவில்லை. வராந்தா பெஞ்சில் பேச்சியம்மாள் இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

இனி ஆயுசுக்கும் உள்ளே எதுவும் வைக்கக் கூடாது, ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வரலாம் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் திரும்பி, தறிக்கூடங்களுக்குப் போய்ப் பெண்களிடம் பேசுங்கள் என்றார். நான் கூட்டத்தில் நின்று பேசியதில்லை, பேசினாலும் யார் வாயைத் திறப்பார்கள் என்று இழுத்தேன்.

“நானும் வாரேன் சிஸ்டரு” என்றார் பேச்சியம்மாள். “இவளுக யாருக்குப் பயப்படுதாளுகன்னு எனக்குத்தான் தெரியும்.”

அன்றிலிருந்து வருகிறார். நான் பேசுவேன், அவர் வாசல் பக்கமாகத் தரையில் உட்கார்ந்து கேட்பார். முத்துமாரி கதையைச் சொல்லும்போது ‘ஒரு பொண்ணு, ஒரு மாமியார்’ என்றுதான் சொல்வேன். ஊரும் சொல்லமாட்டேன், பேரும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தலையில் இன்னும் பஞ்சுத் தூசி. ஒரு தம்ளர் தண்ணீரில் டாம்பானைப் போட்டுக் காட்டினேன். அது ஊறி உப்புவதைப் பார்த்து முன்வரிசை ‘ஐயோ’ என்றது. அது கெட்ட பொருள் இல்லை, பயப்பட வேண்டியதில்லை என்றேன். பயத்தைப் பற்றி நான் அறிவுரை சொல்கிறேன், சிரிப்புதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள். ஓட்டத்துக்குப் போதுமான சின்ன அளவு எதுவோ அதை வாங்குங்கள், அடிக்கடி மாற்றச் சோம்பல்பட்டுப் பெரியதை வாங்காதீர்கள். நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள், தூங்கப் போகிறவர்கள் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்ததை எடுத்தோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நூல் பார்க்கிறவர்கள் நீங்கள், இந்த ஒரு நூலை மறந்துவிடாதீர்கள் என்றதும் கொஞ்சம் சிரித்தார்கள். திடீரென்று காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், வெயில் பட்டது போலச் சிவப்பு என்று எது வந்தாலும் முதலில் அதை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போனதும், உள்ளே வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது.

கேள்வி இருக்கிறதா என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. சுகன்யா என்னைப் பார்த்தாள். அவளும் நானும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள், ஒருவேளை இப்போதுகூட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன பேசியும் அவளுக்குள் போகவில்லை.

வேறு வழியில்லாமல் முத்துமாரி கதையைச் சொன்னேன். திரை, திரைக்குக் கீழே கால்கள், டாக்டரின் விரல் எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் துறுதுறுவென்று இருந்த ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அந்த மாமியாரத் திரைக்கு உள்ள படுக்கப் போட்டிருக்கணும் சிஸ்டர்” என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கட்டிக் காத்தது இன்றைக்கு உடைந்துவிடும் என்று தோன்றியது. அப்போது சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

“நாந்தாம் அந்த மாமியா” என்றார்.

சிரிப்பு நின்றது. பேசிய பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் அவளைப் பார்க்கவில்லை, கோபமும் படவில்லை.

“எனக்குப் பயந்துக்கிட்டு எம் மருமவ சாவக் கெடந்தா. அவ கைத் தோலு உரிஞ்சத நாந்தாம் பாத்தேன். உங்களுக்கும் யாரோ ஒருத்திகிட்ட பயம் இருக்கும். மேஸ்திரியோ, வார்டனோ, என்னைய மாதிரி ஒரு மாமியாளோ. இங்க எவளுக்காச்சும் இப்பம் உள்ள இருந்தா, போயி எடுத்துட்டு வா தாயி. யாருன்னு நாங் கேக்க மாட்டேன். பாக்கவும் மாட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாத்ரூமுக்குப் போகிற வழி அவரைத் தாண்டித்தான். சுகன்யாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு நடு வரிசையிலிருந்து ஒரு கொலுசுச் சத்தம் கிளம்பியது. அது பக்கத்தில் வந்ததும், பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்காமலேயே கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு வழி விட்டார்.